ஒடிசியஸின் கையிலிருந்து நழுவிய தடி

தினமும் காலையில் ஒரு மணித்தியாலமாவது நடக்கவேண்டும் என்று அறிவுறுத்திய மருத்துவர், எங்கே நடப்பது என்பதைக் கூறவில்லை. கொழும்புப் புறநகரில் நான் வசிக்கும் வீதி பிரதான வீதியைச் சந்திக்கும் இடத்தில் நான்கைந்து கட்டாக்காலி நாய்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. இரவுக் கடமை முடிந்து பத்திரிகை அலுவலகத்திலிருந்து நள்ளிரவுக்குப் பின்னர் வீடு திரும்பிய காலங்களில் அவற்றின் முன்னோருடனும் எனக்கு நல்ல பரிச்சயம் உண்டு. நண்பர் ஒருவர் பொல்லுடன் நடக்கிறார். இன்னொருவர் சட்டைப்பையில் பிஸ்கட் கொண்டுபோகிறார். மூன்றாமவர் நடப்பதையே விட்டுவிட்டார். பாதசாரி நாயிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் பிரச்சினை எவ்வளவு பழையது என்று தேடிப்பார்க்கும் ஆவல் இவர்களால்தான் ஏற்பட்டது.

கிரேக்கக் காவியமான 'ஒடிசி'யின் பதினான்காம் பகுதியில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. இருபது வருடங்களுக்குப் பின்னர் பிச்சைக்காரக் கோலத்தில் சொந்தத் தீவுக்குத் திரும்பும் ஒடிசியஸ், தனது பன்றி மேய்ப்பனான யூமேயஸின் குடிசையை நெருங்குகிறான். காவலுக்கு நின்ற நாய்கள் நான்கும் குரைத்தபடி பாய்கின்றன. ட்ரோய் நகர யுத்தத்தில் பேர்பெற்ற அந்த வீரன் ஓடவும் இல்லை, தடியை ஓங்கவும் இல்லை. தந்திரமாக நிலத்தில் அமர்ந்துவிடுகிறான். தடி கையிலிருந்து நழுவி விழுகிறது.

இது கவிஞரின் வெறும் கற்பனையல்ல. பண்டைய உலகில் பரவலாக அறியப்பட்டிருந்த உபாயம் என்றே தோன்றுகிறது. தம்மைத் தாழ்த்திக்கொள்பவர் மீது கோபம் தணிந்துவிடும் என்பதற்கு, அமர்ந்திருப்பவரை நாய்கள் கடிப்பதில்லை என்பதையே அரிஸ்டோட்டில் தமது 'சொற்கலை' நூலில் உதாரணமாகக் காட்டுகிறார். கி.பி. முதலாம் நூற்றாண்டின் ரோமானியரான பிளினியும் நிலத்தில் அமர்ந்தால் நாயின் ஆவேசம் அடங்கும் என்று எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால், காவியம் அத்துடன் நிற்கவில்லை. அமர்ந்தபிறகும் ஒடிசியஸுக்கு ஆபத்து நீங்கவில்லை. செருப்புத் தைப்பதற்காகத் தோல் வெட்டிக்கொண்டிருந்த யூமேயஸ் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அதட்டியும் கல்லெறிந்தும் நாய்களை விரட்டியதனாலேயே அவன் தப்பினான். பிறகு அந்த மேய்ப்பன், நாய்கள் உன்னைக் குதறியிருந்தால் பழி என்மீதல்லவா வந்திருக்கும் என்ற கருத்துப்படப் பேசுகிறான். இந்தச் சம்பவத்தைப் பலர் ஒடிசியஸின் சமயோசிதத்துக்காக நினைவுகூருவார்கள். எனக்கு யூமேயஸின் அந்தப் பேச்சே முக்கியமாகப் படுகிறது. நாய்க்குச் சொந்தக்காரன் ஒருவன் இருந்தான், அவன் வெளியே ஓடிவந்தான், பொறுப்பும் ஏற்றான்.

எனக்கு அப்படியொருவர் வாய்க்கவில்லை. எழுபதுகளின் இறுதியில், ஒன்பது வயதில், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தபோது ஒரு நாய் துரத்தியது. நான் ஓடினேன். ஓடக்கூடாது என்பது தெரியாது, தெரிந்திருந்தாலும் ஓடியிருப்பேன். கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அது எந்த வளவு நாய் என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். தந்தையார் அந்தப் படலையடியில் போய் நின்று கேட்டபோது, "அது எங்கட நாய் இல்லை" என்ற பதிலே கிடைத்தது. மறுநாள் முதல் அந்த நாயைக் காணவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தின் விலை தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள். கடித்த நாயைக் கட்டிவைத்துப் பத்து நாட்களாவது அவதானிக்க முடிந்தால், அதற்கு விசர் இல்லை என்பது தெளிவானதும் சிகிச்சையை நிறுத்திவிடலாம். நாய் இல்லாதபடியால் முழுவதையும் போடவேண்டியதாயிற்று. அன்று ஏற்றப்பட்டது, டேவிட் செம்பிள் என்ற பிரித்தானிய மருத்துவர் இந்தியாவின் கசௌலியில் 1911ஆம் ஆண்டளவில் உருவாக்கிய, ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்படும் தடுப்புமருந்து. சிலருக்கு நரம்புப் பாதிப்புகளை ஏற்படுத்தக்கூடிய அந்த மருந்து பிற்காலத்தில் கைவிடப்பட்டது. இன்று கையில் போடப்படும் சில ஊசிகள் போதும். தீவிரமான கடியாயின் காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும் ஏற்றுவார்கள்.

ஊசிகளை நினைத்து இன்றும் வயிறு கூசினாலும், முறைப்பாடு செய்ய எனக்கு உரிமையில்லை. 1885க்கு முன்னர் விசர்நாய் கடித்தவருக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவதைத் தவிர வைத்தியர்களிடம் பெரிதாக வேறொன்றும் இருக்கவில்லை. அவ்வருடம் ஜூலை 6ஆம் திகதி பாரிஸில் லூயி பாஸ்டரின் தடுப்பூசியைப் பெற்ற அல்சேஸ் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கும் ஒன்பது வயதுதான். அவன் பிழைத்தான். உலகம் பாஸ்டரைக் கொண்டாடியது.

ஆனால் பயம் உடனே போய்விடவில்லை. 1890களில் பிரான்சில் சைக்கிள் மோகம் பரவியபோது, கிராமத்து வீதிகளில் சைக்கிளைத் துரத்தும் நாய்களுக்கென்றே ஒரு சிறிய ரிவோல்வர் விற்பனைக்கு வந்தது. துப்பாக்கித் தயாரிப்பாளரான சார்ல்ஸ் பிரான்சுவா கலான் அறிமுகப்படுத்திய அதன் பெயர் 'வெலோடொக்'. சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்த பெயர். சட்டைப்பையில் சிக்காதிருக்க அதன் விசை மடிந்துகொள்ளும். நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்காக மிளகாய்த்தூளோ மெழுகோ அடைத்த ரவைகளும் இருந்தன. ஓடும் சைக்கிளில் இருந்தபடி பாயும் நாயைக் குறிபார்த்துச் சுட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விடயம். 1960களில் அமெரிக்கத் தபால்காரர்களின் கைக்கு வந்த, நாயின் முகத்தில் பீச்சியடிக்கும் திரவத்தின் சாரமும் மிளகாயின் காரமே. அப்படியிருந்தும் அந்நாட்டில் அண்மைய ஆண்டுகளில் வருடமொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தபால் ஊழியர்கள் நாய்களின் தாக்குதலுக்கு உள்ளாகிறார்கள்.

நமது ஆயுதம் கல். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழிக்குச் சிற்பத்தையும் மெய்ப்பொருளையும் காட்டி விளக்கமளிப்பவர்கள் உண்டு. அதிகாலை இரண்டு மணிக்கு நாய்கள் சூழ நின்றவனுக்கு அந்தத் தத்துவம் தேவைப்படாது. 1258இல் 'குலிஸ்தான்' எழுதிய பாரசீகக் கவிஞர் சாதியும் இந்த அனுபவத்தை அறிந்திருந்தார். அவரது கதையொன்றில் நாய்கள் துரத்தும் புலவன் கல்லெடுக்கக் குனிகிறான். உறைபனியில் இறுகிய கல் பெயர மறுக்கிறது. நாயை அவிழ்த்துவிட்டுக் கல்லைக் கட்டிவைத்திருக்கிறார்களே என்று அவன் சலித்துக்கொள்கிறான். ஆனாலும் எங்கள் ஊரில் முதியவர்கள் கல்லெடுப்பார்களே தவிர எறியத் தயங்குவார்கள். நாய் வைரவரின் வாகனம். ஒழுங்கை முடக்கில் மரத்தடி வைரவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆங்கிலேய ஆட்சி வேறு வழியில் சென்றது. 1893இல் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டமும், 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் இலங்கையில் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொரு நாய்க்கும் ஏட்டில் ஓர் உரிமையாளர் இருக்கவேண்டும், உரிமையாளரற்ற நாய் பிடிக்கப்பட்டு அழிக்கப்படலாம் என்பதே இவற்றின் சாராம்சம். "எங்கட நாய் இல்லை" என்ற பதிலுக்கு எதிராக எழுதப்பட்ட சட்டம் என்று சொல்லலாம். நடைமுறையில் முதற்பாதி தூங்கியது. கண்ணியுடன் வரும் நாய் பிடிகாரரின் வண்டி மாத்திரம் ஓடியது. 1973இல் இந்நாட்டில் 377 பேர் நீர்வெறுப்பு நோயினால் மரணமடைந்தார்கள். 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை அரசாங்கம் நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் கொள்கையாக்கியது. கொல்வது நிறுத்தப்பட்டால் நோய் பெருகும் என்று அன்று எச்சரித்தவர்களில் நானும் ஒருவன். அப்படி நடக்கவில்லை. அண்மைய ஆண்டுகளில் மரணங்கள் இருபது, முப்பது என்ற அளவில் இருக்கின்றன. நோயைக் குறைத்தது கண்ணியல்ல, ஊசியே. நாய்களின் தொகை குறையவில்லை என்பது இன்னொரு விவகாரம்.

உரிமையாளர் இல்லாத நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தவர்களிடம் ஒரு பதில் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எனது பெற்றோரும் நடந்தார்கள். புறப்படும்போது தாயார் எங்கள் நாயின் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். அதனால் செய்யக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான் என்று பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். மறுவருடம் அவர்கள் திரும்பியபோது அது இல்லை. ஒழுங்கையில் கூட்டமாகத் திரிந்த நாய்கள் பெயர் சொல்லி அழைத்தவர்களையும் பார்த்து உறுமின.

இன்றைய நிபுணர்கள் ஒடிசியஸைப்போல அமரச் சொல்வதில்லை. ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு சேர்த்து மரம்போல நிற்கவேண்டும். கண்ணை நேராகப் பார்க்கக்கூடாது. நாய் ஆர்வமிழந்ததும் முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கவேண்டும். பாய்ந்தால் குடையையோ பையையோ சைக்கிளையோ இடையில் கொடுக்கலாம். விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ளவேண்டும். கடித்துவிட்டால் உடனடியாகச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவியபின் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக்கூடாது.

கடந்த வாரம் எங்கள் சந்தியில் புதிதாக வந்த செம்பட்டை நாயொன்று பற்களைக் காட்டியபடி என்னை நோக்கி வந்தது. மரமாக நின்றேன். அது கணுக்காலை முகர்ந்துகொண்டிருந்தபோது, எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடையிலிருந்து சிங்கள மூதாட்டி ஒருவர் அகப்பையுடன் வெளியே வந்து அதட்டினார். நாய் வாலைத் தாழ்த்திக்கொண்டு கடைப்படியில் போய்ப் படுத்தது. உங்களுடைய நாயா என்று கேட்டேன். இல்லை, சாப்பாடு மட்டும் போடுகிறேன் என்றார். தடுப்பூசி போட்டாயிற்றா என்றேன். உள்ளே போய், பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றிவைத்திருந்த அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்.