கோட்டை நம்புவதா, எண்ணை நம்புவதா?
பொறியியல் வரைபடத்தில் அளவு குறித்தலின் வரலாறு



மொழியியல் படித்த ஒருவன் பொறியியல் வரைபடத்தைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் வரைபடமும் ஒரு கூற்றுத்தான். வடிவமைப்பவர் சொல்கிறார், பட்டறையில் கடைசல் பொறியின் முன் நிற்பவர் கேட்கிறார். இருவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கிடையே நிகழும் பேச்சு முழுவதும் ஒரு தாளில் அடங்கியிருக்கிறது. அப்பேச்சில் கோடுகள் வடிவத்தைக் காட்டுகின்றன. ‘எவ்வளவு’ என்பதை அளவுகளே முடித்துச் சொல்கின்றன. அந்தக் கூற்று எவ்வாறு உருவாயிற்று, கையிலிருந்து கணினிக்கு மாறியபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தின் ‘டைமென்ஷன்’ என்ற ஒரே சொல் இரு பொருள்களைச் சுமக்கிறது. தமிழில் அவை பிரிந்து நிற்கின்றன. நீளம், அகலம், உயரம் ஆகிய விரிவுகளைப் பரிமாணம் என்கிறோம். தச்சர் பலகையில் குறிக்கும் எண்ணை அளவு என்கிறோம். வரைபடத்தில் நாம் எழுதுவது அளவு. ஆகவே இச்செயலை ‘அளவு குறித்தல்’ என்றே வழங்குவேன்.

எண் எழுதாத காலம்

பிரான்சு நாட்டின் கணித அறிஞர் காஸ்பார் மோஞ்சு, ஒரு பொருளை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நோக்கித் தாளில் வரையும் முறையை ஒழுங்கான கல்வியாக்கினார். கோட்டை கட்டும் கலைக்கு உதவியதால், அது நெடுங்காலம் படைத்துறை மறைபொருளாகக் காக்கப்பட்டது. 1795இல்தான் பாரிசில் அவர் அதனை வெளிப்படையாகக் கற்பித்தார். அக்காலத்தில் எல்லா அளவுகளையும் எண்ணால் எழுதுவது கட்டாய வழக்கமன்று. வரைபடம் குறிப்பிட்ட விகிதத்தில் வரையப்படும். தொழிலாளி கவையின் இரு முனைகளால் கோட்டின் நீளத்தை எடுத்து, விகித அளவுகோலில் வைத்துப் படித்துக்கொள்வார். சிறு பிழை நேர்ந்தால் அரத்தால் தேய்த்துப் பொருத்திவிடுவார். கோடே அளவைச் சொல்லியது.

இந்நிலையை மாற்றிய காரணங்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டத்தக்கவையாக இருக்கவேண்டும் என்ற தேவை. ஓரிடத்தில் செய்த திருகாணி வேறோரிடத்தில் செய்த மரையில் பொருந்தவேண்டுமானால், கண்ணும் கவையும் போதா. மற்றொன்று, தாள். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த நீலப்படி முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரைவு அலுவலகங்களில் பரவியது. மூலப்படத்தின் நகல்கள் எளிதில் கிடைத்தன. ஆனால் நீலப்படித் தாளை நீரில் கழுவி உலர்த்தவேண்டும். உலரும்போது அது சுருங்கும். சுருங்கிய தாளில் கோடும் சுருங்கும், எண் சுருங்காது. ‘படத்தை அளக்காதே, எழுதிய அளவைப் பின்பற்று’ என்னும் பட்டறை விதிக்கு இது வலிமை சேர்த்தது. கோட்டின் சொல்லை எண் வென்ற இடம் இதுவே.

கையெழுத்தின் இலக்கணம்

எண் ஆட்சிக்கு வந்தபின் அதற்கு இலக்கணம் தேவைப்பட்டது. பிரிட்டனில் வரைபடங்களுக்கான பி.எஸ். 308 என்னும் தரநெறி 1927இல் முதன்முதலில் வெளிவந்தது. உருவத்தின் புறக்கோடு தடித்திருக்கவேண்டும், அளவுக்கோடு மெலிந்திருக்கவேண்டும். அளவின் எல்லையைக் காட்டும் நீட்டுக்கோடு உருவத்தைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டுத் தொடங்கவேண்டும். அம்புமுனையின் நீளம் அதன் அகலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இவையெல்லாம் அழகுக்காக வகுக்கப்பட்டவையல்ல. எது பொருள், எது பொருளைப் பற்றிய கூற்று என்று படிப்பவர் மயங்காதிருப்பதற்கான நிறுத்தக்குறிகள்.

நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொகுத்துச் சொல்கிறது. அவற்றுட் சில அளவு குறித்தலுக்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டு நான் மகிழ்ந்ததுண்டு. ஓர் அளவை ஒருமுறைதான் எழுதவேண்டும் என்பது வரைவாளர் விதி. முன்தோற்றத்தில் 60 என்றும் மேல்தோற்றத்தில் மீண்டும் 60 என்றும் எழுதினால், அது கூறியது கூறல். பின்னர் ஒன்றை மட்டும் 62 என்று திருத்தினால், அதுவே மாறுகொளக் கூறலாகிவிடும். அலகு குறியாமல் விடுவது குன்றக் கூறல். மலேசியாவும் சிங்கப்பூரும் 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியபோது அங்குல வரைபடங்களும் மில்லிமீட்டர் வரைபடங்களும் அருகருகே புழங்கின. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால், அலகற்ற எண் எவ்வளவு பெரிய தவற்றுக்கு இடம் தரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எங்கிருந்து அளப்பது என்பதும் பொருளை மாற்றும். 100 மி.மீ. நீளச் சட்டத்தில், விளிம்பிலிருந்து 20 மி.மீ. இடைவெளியில் நான்கு துளைகள் இடவேண்டும் என்று கொள்வோம். ஏற்கத்தக்க விலகல் ஒவ்வோர் அளவுக்கும் ±0.1 மி.மீ. ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாக அளவு குறித்தால், நான்காம் துளை விளிம்பிலிருந்து 0.4 மி.மீ. வரை விலகலாம். நான்கையும் விளிம்பிலிருந்தே 20, 40, 60, 80 என்று குறித்தால், எந்தத் துளையும் 0.1 மி.மீ.க்கு மேல் விலகாது. படம் ஒன்றே, சொன்ன முறை வேறு, செய்து வரும் பொருளும் வேறு.

கணினியின் காலம்

1963இல் ஐவன் சதர்லாந்து எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வாக ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் மென்பொருளை உருவாக்கி, திரையில் ஒளிப்பேனாவால் வரைந்து காட்டினார். 1982இல் ‘ஆட்டோகேட்’ வெளிவந்தபின், வரைவு மென்பொருள் சிறு அலுவலகங்களின் மேசைக்கணினிகளுக்கும் வந்துசேர்ந்தது. டீ சட்டமும் மூலைமட்டமும், மைப்பிழையைச் சுரண்டும் சவர அலகும் மெல்ல விடைபெற்றன.

கையால் குறிக்கும்போது எண் வரைவாளரின் மனத்திலிருந்து வந்தது. மென்பொருளில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் கணினியே அளந்து, கோடும் அம்பும் எண்ணும் இட்டுவிடுகிறது. உருவத்தை நீட்டினால், அதனோடு பிணைந்த எண்ணும் மாறுகிறது. கோடும் எண்ணும் மீண்டும் ஒன்றாயின. இது பெரும் நன்மை. எண்ணை மட்டும் திருத்திக் கோட்டை மறந்துவிடும் பழைய பிழை இதனால் குறைந்தது.

ஆனால் குற்றங்கள் புதிய வடிவில் திரும்பின. மென்பொருள் அளந்த எண்ணை அழித்து, அதன்மேல் வேறோர் எண்ணைத் தட்டச்சு செய்ய இயலும். படம் 118 ஆக இருக்க, எழுத்து 120 என்று நிற்கும். அச்சிட்ட தாளில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. மாறுகொளக் கூறலில் இதைவிட மறைவானது இல்லை. அடுத்தது மிகைபடக் கூறல். கணினி 33.3333 என்று நான்கு பதின்ம இலக்கங்களை இட்டால், மாணவர் அப்படியே விட்டுவிடுகிறார். மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சாதாரணப் பட்டறை எவ்வாறு எட்டும்? பல பட்டறைகளில் 25 என்பதும் 25.00 என்பதும் ஒரே கூற்றாகக் கொள்ளப்படுவதில்லை. இலக்கம் கூடினால் துல்லியமும் கூடவேண்டும், செலவும் கூடும்.

மென்பொருள்களுக்கிடையிலும் பேச்சு முறியக்கூடும். ஏர்பஸ் ஏ380 வானூர்தியில் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீள மின்கம்பிகள் உள்ளன. ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த வடிவமைப்பாளர்கள் ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தினர். பூட்டும்போது கம்பித்தொகுதிகள் சரியாகப் பொருந்தவில்லை. வானூர்திகளை ஒப்படைப்பதில் நீண்ட காலத்தாழ்வு நேரும் என்று 2006இல் அறிவிக்க வேண்டியதாயிற்று.

கணினி பிழையின்றி அளக்கும். எந்த அளவு முக்கியம், எந்த விளிம்பு அடிப்படை, எவ்வளவு விலகலை ஏற்கலாம் என்பவற்றை அது தானே அறியாது. அளப்பது கருவியின் வேலை. குறிப்பது மனிதரின் பொறுப்பு. கையால் வரைந்தவர்கள் ஒவ்வோர் எண்ணையும் எழுதும் முன் இதனை எண்ணிப்பார்க்க நேர்ந்தது, ஏனெனில் அழிப்பது கடினமாக இருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் வரைந்த படத்தை வேறொரு மாணவரிடம் கொடுத்து, வரைந்தவரிடம் எதுவும் கேளாமல் அந்தப் பொருளை அட்டையிலேனும் செய்யச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் கை தயங்கி நிற்கிறதோ, அங்கே ஓர் அளவு குறைந்திருக்கும், அல்லது மிகுந்திருக்கும். வரைந்தவர் அதைத் தாமே கண்டு திருத்தட்டும்.