அலாஸ்: உருகிய நிலம் தந்த புல்வெளி

சைபீரியாவில் லேனா, அல்தான் ஆறுகளுக்கு இடையே பரந்த லார்ச் மரக் காடு. அந்தக் காட்டுக்குள் ஆங்காங்கே வட்ட வடிவப் பள்ளங்கள், பள்ளம் நிறையப் புல், பலவற்றின் நடுவே ஓர் ஏரி. ஆயிரக்கணக்கில் இருக்கும் இந்தப் புல்வெளிகளை அங்கு வாழும் சகா மக்கள் அலாஸ் என்பார்கள். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைநிலம் உருகி அமிழ்ந்ததால் உண்டானவை இவை.

அந்த வட்டாரத்தை ஒட்டிய யாக்கூட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிக நிறுவன ஊழியர் 1828 முதல் கிணறு தோண்டினார். சுமார் 116 மீட்டர் போயும் உறைந்த மண்ணே வந்தது. 1844-ல் மிடென்டார்ஃப் என்ற ஆய்வாளர் அந்தக் கிணற்றுக்குள் வெப்பநிலையை அளந்த பிறகுதான் உறைநிலத்தின் ஆழம் அறிவியலுலகுக்கு விளங்கியது. இந்த வட்டாரத்தில் மேல்மண்ணுக்குக் கீழேயே பெரும் பனிக்கட்டி ஆப்புகள் உண்டு. பல இடங்களில் நிலத்தின் கன அளவில் பாதிக்கு மேல் பனிக்கட்டிதான்.

ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் புவி வெப்பமடைந்தபோது அந்த ஆப்புகள் உருகின. தரை பல மீட்டர் இறங்கியது, மரங்கள் சாய்ந்தன, பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியானது. மழை குறைந்த நாடு அது. ஆண்டுக்குச் சுமார் 240 மில்லிமீட்டர்தான். ஏரிகள் மெல்ல வற்ற, அடிமண்ணில் புல் ஏறியது. நீரோரம் கோரை, அடுத்த ஈர வளையத்தில் வளமான தீவனப் புல், மேட்டு விளிம்பில் வறட்சி தாங்கும் ஸ்டெப்பிப் புல். நீர் ஆவியான இடங்களில் உப்புப் படிந்ததால் அதற்கு ஈடுகொடுக்கும் செடிகளும் சேர்ந்துகொண்டன.

இத்தனை குறைந்த மழையில் காடு நிற்பதற்கும் உறைநிலமே காரணம். கோடையில் உருகும் மேலடுக்கின் நீரைக் கீழே இறங்கவிடாமல் லார்ச்சின் வேருக்கு அது பிடித்து வைக்கிறது. காட்டின் நிழலும் தரைப் பாசியும் பதிலுக்கு நிலத்தைக் குளிர்ச்சியாகக் காக்கின்றன.

தெற்கேயிருந்து குதிரையும் மாடும் ஓட்டி வந்த சகாக்களின் முன்னோர் இங்கே நிலைத்தது அலாஸ் புல்லை நம்பித்தான். மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும் நீண்ட குளிர்காலம் முழுவதும் மாடுகள் தொழுவத்தில் நிற்கும். குறுகிய கோடையில் அறுத்து உலர்த்திய புல்லே அவற்றுக்கு உணவு. உலர்புல் போதாதபோது ஏரிகளிலிருந்து வாய்க்கால் வெட்டி நீரை வடித்துப் புல்தரையைக் கூட்டினார்கள். பின்னாளில் உழவுக்காகக் காட்டை வெட்டிய இடங்களில் நிழலிழந்த பனிக்கட்டி உருகி, வயல்கள் மேடும் பள்ளமுமாகக் குலைந்தன, பல கைவிடப்பட்டன.

2005 முதல் 2008 வரை வழக்கத்தை மீறிப் பெய்த மழையும் பனியும் மேலடுக்கை ஆழமாக உருக்கிச் சேறாக்கின. வேர் மூச்சுத் திணறி லார்ச்சுகள் கருகின; அவற்றின் அடியில் ஈரம் விரும்பும் புல்லும் புதரும் எழுந்தன. அலாஸ் ஏரிகள் பெருகி புல் அறுக்கும் நிலங்களை மூழ்கடித்தன. ஏரி வற்றிப் புல்வெளியாக முன்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. மேய்ச்சலை இழந்த குடும்பங்களுக்கு அந்த அவகாசம் இல்லை.