கனடாவின் 2006 பொதுத் தேர்தலில் வரிக்குறைப்பு வாக்குறுதிகள்

கனடாவில் 2006 ஜனவரி 23 அன்று நடைபெற்ற 39ஆவது பொதுத் தேர்தலில் வரிக்குறைப்பு முக்கிய விவாதப் பொருள்களுள் ஒன்றாக விளங்கியது. ஆட்சியில் இருந்த லிபரல் கட்சி வருமான வரியைக் குறைப்பதாகவும், எதிர்க்கட்சியான பழமைவாதக் கட்சி பொருட்கள் சேவைகள் வரியை (பொ.சே.வ.) 7%இல் இருந்து 5% ஆகக் குறைப்பதாகவும் வாக்களித்தன. எவ்வகை வரியைக் குறைத்தால் யாருக்கு எவ்வளவு நன்மை என்பதை வாக்காளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்த தேர்தல் என்பதால், பொது நிதி பற்றிய பாடங்களில் இது எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது.

பின்னணி

பொருட்கள் சேவைகள் வரியின் தோற்றம்

1991 ஜனவரி 1 அன்று பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு 7% பொருட்கள் சேவைகள் வரியை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன்னர் உற்பத்தியாளர்களிடம் இருந்து 13.5% விற்பனை வரி அறவிடப்பட்டது. அவ்வரி பொருளின் விலைக்குள்ளேயே மறைந்திருந்ததால் பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. புதிய வரியோ கடைச் சீட்டில் தனி வரியாக அச்சிடப்பட்டது. இதனால் அது அறிமுகமான நாள் முதலே மக்களின் வெறுப்புக்கு உள்ளானது. மேலவையான செனட் சபையில் இச்சட்டத்தை நிறைவேற்ற, அரசியலமைப்பின் அரிதான ஒரு விதியைப் பயன்படுத்தி 1990இல் எட்டுக் கூடுதல் உறுப்பினர்களை மல்ரோனி நியமிக்க வேண்டியிருந்தது.

1993, 2000 தேர்தல்கள்

1993 தேர்தலில் லிபரல் கட்சி இவ்வரியை நீக்கி, வேறொரு வரியைக் கொண்டு வருவதாக வாக்களித்தது. அத்தேர்தலில் ஆளும் முற்போக்குப் பழமைவாதக் கட்சி இரண்டே இடங்களைப் பெற்றது. ஆனால் ஆட்சிக்கு வந்த லிபரல் அரசு வரியை நீக்கவில்லை. வரி நீக்கப்படாவிட்டால் பதவி விலகுவதாகக் கூறியிருந்த அமைச்சர் சீலா காப்ஸ் 1996இல் பதவி விலகி, இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். 1997இல் நோவா ஸ்கோசியா, நியூ பிரன்சுவிக், நியூபவுண்லாந்து ஆகிய மாகாணங்களில் மாகாண விற்பனை வரியும் பொ.சே.வ.வும் இணைக்கப்பட்டு 15% ஒருங்கிணைந்த வரியாயின.

2000ஆம் ஆண்டுத் தேர்தலிலும் வரிக்குறைப்பே போட்டிப் பொருளாக இருந்தது. கனேடியக் கூட்டணிக் கட்சி 17% ஒரே விகித வருமான வரியை முன்வைத்தது. அதற்கு ஈடாக, தேர்தலுக்குச் சற்று முன்னர் நிதியமைச்சர் பால் மார்ட்டின் ஐந்து ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் அளவிலான வரிக்குறைப்பை அறிவித்தார்.

மிகை வரவு

1990களின் நடுப்பகுதி வரை கனேடிய நடுவண் அரசு பெரும் பற்றாக்குறையில் இருந்தது. செலவுக் குறைப்புகளின் பின்னர் 1997-98 நிதியாண்டு முதல் வரவு செலவைவிட மிகுதியாகியது. 2005-06 நிதியாண்டில் மிகை வரவு 1,300 கோடி டாலரைத் தாண்டியது. எனவே 2006 தேர்தலில் வரியைக் குறைக்க முடியுமா என்பதைவிட எந்த வரியைக் குறைப்பது என்பதே கேள்வியாக இருந்தது.

கட்சிகளின் வாக்குறுதிகள்

* லிபரல் கட்சி: 2005 நவம்பர் 14 அன்று நிதியமைச்சர் ரால்ப் குடேல் வெளியிட்ட பொருளாதார அறிக்கையில், வருமான வரியின் மிகக் குறைந்த விகிதம் 16%இல் இருந்து 15% ஆகக் குறைக்கப்பட்டது. வரியில்லா அடிப்படைத் தொகை 8,148 டாலரில் இருந்து 8,648 டாலராக உயர்த்தப்பட்டது. இரண்டும் 2005 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும் வகையில் அறிவிக்கப்பட்டன. இவற்றை முறையான சட்டமாக்கும் முன்னரே பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.
* பழமைவாதக் கட்சி: 2005 டிசம்பர் 1 அன்று, பரப்புரையின் தொடக்கத்திலேயே, தலைவர் ஸ்டீவன் ஹார்ப்பர் பொ.சே.வ.வை உடனடியாக 6% ஆகவும், ஐந்து ஆண்டுகளுக்குள் 5% ஆகவும் குறைப்பதாக அறிவித்தார். லிபரல் அரசு அறிவித்த வருமான வரிக் குறைப்பை மாற்றியமைக்கும் எண்ணமும் இக்கட்சிக்கு இருந்தது. பொதுப் போக்குவரத்துச் சீட்டு, சிறுவர் விளையாட்டுக் கட்டணம் முதலியவற்றுக்குச் சிறு வரிச் சலுகைகளும் அறிவிக்கப்பட்டன.
* புதிய சனநாயகக் கட்சி: ஜாக் லெய்ற்றன் தலைமையிலான இக்கட்சி பெரிய வரிக்குறைப்புகளைவிடப் பொதுச் சேவைகளுக்கு முதன்மை அளித்தது. 2005இல் சிறுபான்மை லிபரல் அரசை ஆதரிப்பதற்கு, நிறுவன வரிக் குறைப்பைத் தள்ளிவைத்துச் சமூகச் செலவுகளைக் கூட்ட வேண்டும் என்று இக்கட்சி நிபந்தனை விதித்திருந்தது.

குழந்தைப் பராமரிப்பிலும் இரு பெரும் கட்சிகளும் வேறுபட்டன. லிபரல் கட்சி மாகாணங்களுடன் இணைந்து பராமரிப்பு நிலையங்களை உருவாக்க முனைந்தது. பழமைவாதக் கட்சியோ ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 1,200 டாலரைப் பெற்றோரிடம் நேரடியாக அளிப்பதாகக் கூறியது.

வாக்காளரின் கணக்கு

வருமான வரி படிநிலை வரி ஆகும். 2005இல் 35,595 டாலர் வரையான வருமானம் மிகக் குறைந்த விகிதத்தின் கீழும், அதற்கு மேற்பட்ட பகுதி 22%, 26%, 29% ஆகிய விகிதங்களின் கீழும் வந்தது. பொ.சே.வ. செலவின் மீதான வரி ஆகும். ஆனால் எல்லாச் செலவுக்கும் இது பொருந்தாது. சமைக்காத அடிப்படை உணவுப்பொருட்கள், மருத்துவரின் சீட்டுக்கு வாங்கும் மருந்துகள், வீட்டு வாடகை ஆகியவற்றை வாங்குவோர் இவ்வரியைச் செலுத்துவதில்லை.

கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் இரு வாக்குறுதிகளையும் ஒப்பிட உதவும். எளிமை கருதி நடுவண் அரசின் வரியும் அடிப்படைத் தொகையும் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டுள்ளன.

* 35,595 டாலர் வருமானம் உடையவர்: பழைய முறையில் வரி (35,595 − 8,148) × 16% = 4,391.52 டாலர். புதிய முறையில் (35,595 − 8,648) × 15% = 4,042.05 டாலர். மிச்சம் ஏறத்தாழ 349 டாலர். இவர் பொ.சே.வ. உள்ள பொருட்களுக்கும் சேவைகளுக்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் செலவிட்டால், ஒரு விழுக்காட்டுக் குறைப்பால் 150 டாலரும், இரண்டு விழுக்காட்டுக் குறைப்பால் 300 டாலரும் மிச்சமாகும். இவருக்கு வருமான வரிக் குறைப்பே சற்று இலாபமானது.
* 8,000 டாலர் வருமானம் உடைய மாணவர்: இவர் ஏற்கனவே வருமான வரி செலுத்துவதில்லை. எனவே முதல் வாக்குறுதியால் இவருக்குப் பயன் எதுவும் இல்லை. வரியுள்ள செலவு 4,000 டாலர் எனில், இரண்டாம் வாக்குறுதியால் முதலில் 40 டாலரும் பின்னர் 80 டாலரும் மிஞ்சும்.
* 100,000 டாலர் வருமானம் உடையவர்: குறைந்த விகிதம் இவருடைய வருமானத்தின் முதற் பகுதிக்கு மட்டுமே பொருந்துவதால், இவருக்கும் அதே 349 டாலரே மிஞ்சும். ஆனால் வரியுள்ள செலவு 50,000 டாலர் எனில், பொ.சே.வ. இரண்டு விழுக்காடு குறையும்போது 1,000 டாலர் மிஞ்சும்.
* 300,000 டாலருக்குப் புதிய வீடு வாங்குபவர்: புதிய வீடுகளுக்குரிய 36% மீளளிப்பைக் கழித்த பின்னர், ஒவ்வொரு விழுக்காட்டுக் குறைப்புக்கும் 1,920 டாலர் மிஞ்சும்.

முதலாமவரின் கணக்கில் இரு வாக்குறுதிகளும் சமமாகும் புள்ளி ஏறத்தாழ 17,500 டாலர் வரியுள்ள செலவு ஆகும். எனினும் இது பொ.சே.வ. 5% ஆனபின் மட்டுமே பொருந்தும். அந்த இரண்டாம் படிக்கு ஐந்து ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் வாக்காளர் கருத்தில் கொள்ள வேண்டியிருந்தது. 6% கட்டத்தில் சமப்புள்ளி ஏறத்தாழ 35,000 டாலர் ஆகும்.

மேற்கண்டவாறு பொ.சே.வ. குறைப்பு வருமான வரி கட்டாத ஏழைகளுக்கும் மிகுதியாகச் செலவிடும் செல்வர்களுக்கும் சாதகமாக அமைந்தது. நடுத்தர வருமானத்தில் சிக்கனமாக வாழ்பவர்களுக்கும் சேமிப்பவர்களுக்கும் வருமான வரிக் குறைப்பு சாதகமாக இருந்தது.

விவாதம்

பொருளியலாளர்களுள் பெரும்பாலானோர் வருமான வரிக் குறைப்பையே விரும்பினர். வருமான வரி உழைப்பின் மீதும் சேமிப்பின் மீதும் விழுகின்றது. நுகர்வு வரியோ செலவிடும்போது மட்டும் விழுகின்றது. ஆகவே இழக்கப்படும் ஒவ்வொரு டாலர் வரி வருவாய்க்கும் வருமான வரிக் குறைப்பே பொருளாதார வளர்ச்சிக்குக் கூடுதலாக உதவும் என்பது அவர்களது வாதம். தானும் பொருளியல் பட்டதாரியான ஹார்ப்பர் இவ்வறிவுரைக்கு மாறாகச் சென்றது கவனிக்கத்தக்கது.

பொ.சே.வ. குறைப்பை ஆதரித்தோர் முன்வைத்த வாதங்கள் பின்வருமாறு:

* வருமான வரி கட்டாதவர் உட்பட அனைவரும் பயன் பெறுவர்.
* குறைப்பைக் கடைச் சீட்டில் ஒவ்வொரு நாளும் காணலாம். ஊதியத்தில் பிடிக்கப்படும் வரி சில டாலர் குறைவதைப் பலர் கவனிப்பதில்லை.
* வாக்குறுதி நிறைவேறியதா இல்லையா என்பதை எவரும் எளிதில் சரிபார்க்கலாம்.

மறுதரப்பினர், விற்பனையாளர்கள் விலையை உயர்த்திக் குறைப்பின் பயனைத் தாமே எடுத்துக்கொள்ளக் கூடும் என்றனர். ஒவ்வொரு விழுக்காடும் அரசுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் இழப்பு என்பதால், அப்பணத்தால் கிடைக்கக்கூடிய சேவைகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும் எனவும் வாதிட்டனர்.

தேர்தல் முடிவு

308 இடங்களில் பழமைவாதக் கட்சி 124, லிபரல் கட்சி 103, புளொக் கியூபெக்வா 51, புதிய சனநாயகக் கட்சி 29 இடங்களைப் பெற்றன. சுயேச்சை ஒருவர் வென்றார். பழமைவாதக் கட்சி 36.3% வாக்குகளுடன் சிறுபான்மை அரசு அமைத்தது.

இவ்வெற்றியை வரி வாக்குறுதிக்கு மட்டும் உரியதாகக் கொள்ள இயலாது. கியூபெக் விளம்பர நிதி ஊழல் பற்றிய கோமரி ஆணையத்தின் முதல் அறிக்கை 2005 நவம்பரில் வெளிவந்து லிபரல் கட்சியைப் பாதித்திருந்தது. வருமான அறக்கட்டளைகளின் வரி பற்றிய அரசின் முடிவு முன்கூட்டியே கசிந்ததா எனக் காவல்துறை விசாரிக்கும் செய்தியும் பரப்புரையின் நடுவில் வெளியானது. எனினும், பொருளியலாளர்கள் ஏற்காதபோதும் பொ.சே.வ. வாக்குறுதி வெற்றிக்கு உதவியது என ஹார்ப்பரின் தலைமைப் பணியாளராக இருந்த இயன் புரோடி 2009இல் கருத்துத் தெரிவித்தார்.

வாக்குறுதிகளின் நிறைவேற்றம்

* 2006 ஜூலை 1: பொ.சே.வ. 6% ஆனது. குறைந்த வருமானம் உடையோருக்கு வழங்கப்பட்டு வந்த பொ.சே.வ. ஈட்டுத்தொகை குறைக்கப்படவில்லை.
* 2006 ஜூலை 1: குறைந்த வருமான வரி விகிதம் 15%இல் இருந்து 15.5% ஆக உயர்ந்தது. 2005 ஜனவரி 1 முதல் 2006 ஜூன் 30 வரையான காலத்துக்கு மட்டும் 15% ஏற்கப்பட்டது. இதை எதிர்க்கட்சிகள் வரி உயர்வு என்றன. 15% ஒருபோதும் முறையாகச் சட்டமாகவில்லை என்பது அரசின் விளக்கம்.
* 2006 ஜூலை: குழந்தைப் பராமரிப்புத் தொகை மாதம் 100 டாலர் வீதம் வழங்கத் தொடங்கப்பட்டது. 2016இல் இதற்குப் பதிலாக வேறொரு திட்டம் வந்தது.
* 2006 அக்டோபர் 31: வருமான அறக்கட்டளைகள் மீது புதிய வரி விதிக்கப்போவதில்லை என்ற வாக்குறுதியை மீறி, நிதியமைச்சர் ஜிம் பிளாகர்ட்டி அவற்றுக்கு வரி அறிவித்தார். அறக்கட்டளைப் பங்குகளின் விலை வீழ்ந்தது. வாக்குறுதியை நம்பி அவற்றில் சேமிப்பை இட்டிருந்த ஓய்வூதியர் பலர் இழப்படைந்தனர்.
* 2008 ஜனவரி 1: பொ.சே.வ. 5% ஆனது. குறைந்த வருமான வரி விகிதமும் 2007 ஜனவரி முதல் பொருந்தும் வகையில் 15% ஆக மீட்கப்பட்டது.

இவ்வாறு முதன்மை வாக்குறுதி ஐந்து ஆண்டுகளுக்குப் பதிலாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் நிறைவேறியது.

விளைவுகள்

2008இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியின்போது கனடா மீண்டும் பற்றாக்குறைக்குச் சென்றது. 2009-10 நிதியாண்டில் பற்றாக்குறை 5,500 கோடி டாலரைத் தாண்டியது. நெருக்கடியும் ஊக்கச் செலவுகளும் இதற்கு முதன்மைக் காரணங்கள் எனினும், பொ.சே.வ. குறைப்பால் அரசின் நிலையான வருவாய் குறைந்ததையும் விமர்சகர்கள் சுட்டினர்.

நடுவண் அரசு விட்டுக்கொடுத்த இடத்தைச் சில மாகாணங்கள் பயன்படுத்திக்கொண்டன. நோவா ஸ்கோசியா 2010இல் தன் பங்கை 8%இல் இருந்து 10% ஆக உயர்த்தியதால் அங்கு மொத்த வரி மீண்டும் 15% ஆயிற்று. கியூபெக் தன் விற்பனை வரியை 2011இலும் 2012இலும் ஒவ்வொரு விழுக்காடு உயர்த்தியது. இம்மாகாணங்களின் மக்களுக்கு நடுவண் அரசின் வாக்குறுதியால் கிடைத்த மிச்சம் நிலைக்கவில்லை.

அடுத்து வந்த அரசுகள் எவையும் பொ.சே.வ. விகிதத்தை 5%இற்கு மேல் உயர்த்தவில்லை.

பிந்தைய தேர்தல்

2025 ஏப்ரல் 28 பொதுத் தேர்தலில் இரு பெரும் கட்சிகளும் ஒரே வரியைக் குறைப்பதில் போட்டியிட்டன. மார்க் கார்னி தலைமையிலான லிபரல் கட்சி மிகக் குறைந்த வருமான வரி விகிதத்தை 15%இல் இருந்து 14% ஆகவும், பியர் பொலியேவ் தலைமையிலான பழமைவாதக் கட்சி 12.75% ஆகவும் குறைப்பதாகக் கூறின. ஒருவருக்கு அதிகபட்ச மிச்சம் முறையே ஏறத்தாழ 410, 900 டாலர்கள். குறைப்பு பெரிதாக இருந்த கட்சி அத்தேர்தலில் வெல்லவில்லை. லிபரல் கட்சி 169 இடங்களுடன் மீண்டும் ஆட்சி அமைத்தது. 14% விகிதம் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனால் 2025 முழு ஆண்டுக்கான விகிதம் 14.5% ஆகக் கணக்கிடப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* கனடாவின் அரசியல்
* படிநிலை வரி
* நுகர்வு வரி
* பொருட்கள் மற்றும் சேவைகள் வரி (இந்தியா)