கணக்கில் வராத கனி

அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த காரைக்கால், பழங்காலந்தொட்டே வணிகரின் ஊர். 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய ஆட்சிக்கு மாறிய இவ்வூரின் வரலாற்றில் கப்பல்களும் போர்களும் ஒப்பந்தங்களும் உண்டு. ஆயினும், ஆண்டுதோறும் ஊரே திரண்டு நினைவுகூர்வது இவற்றுள் எதையும் அன்று. ஓர் இல்லத்தில் உணவு வேளையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சிறு வியப்பையே அது விழாவாகக் கொண்டாடுகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அதனை விவரிக்கிறது. காரைக்கால் வணிகர் தலைவர் தனதத்தனின் மகள் புனிதவதி. அவர் கணவன் பரமதத்தன், நாகப்பட்டினத்து வணிகன் நிதிபதியின் மகன். ஒருநாள் தனக்குக் கிடைத்த இரண்டு மாங்கனிகளைப் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பினான். பசியோடு வந்தார் ஒரு சிவனடியார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. புனிதவதியார் ஒரு கனியைச் சோற்றுடன் அவருக்குப் படைத்தார். பின்னர் உண்ண வந்த கணவன், எஞ்சிய கனியைச் சுவைத்துவிட்டு மற்றதையும் கேட்டான். அவர் இறைவனை வேண்ட, கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவையோ முன்னதை விஞ்சி நின்றது. “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்டான் பரமதத்தன்.

இக்கேள்வியில்தான் அக்குடும்பத்தின் வாழ்வு திசைமாறியது. நடந்ததைக் கேட்டும் நம்பாமல், இன்னொரு கனியைத் தருவித்துக் காட்டச் சொன்னான். அதுவும் வந்தது; அவன் கையில் வைத்ததும் மறைந்தது. அஞ்சிய பரமதத்தன் மனைவியைத் தெய்வமெனக் கருதி விலகினான். கப்பலேறிச் சென்று பாண்டி நாட்டில் வேறொரு மணம் புரிந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான்.

அவனைக் கொடியவன் எனச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இரண்டில் ஒன்று போனால் ஒன்று என்பதே வணிகன் அறிந்த கணக்கு. அக்கணக்குக்கு அடங்காத ஒரு கனி கைக்கு வந்தபோது, அதன் இனிமையை உணர்ந்தும் மகிழ அவனுக்குத் தெரியவில்லை. கிடைத்த வியப்பே அச்சமாயிற்று, இல்லறமும் குலைந்தது.

புனிதவதியாரோ இளமையழகைத் துறந்து, பேயுருவை வேண்டிப் பெற்று, காரைக்கால் அம்மையாராய்த் தமிழில் நிலைத்தார். அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர் பலர் கருத்து. 101 வெண்பாக்கள் கொண்ட அவரது நூலின் பெயர் ‘அற்புதத் திருவந்தாதி’. அற்புதம் என்னும் சொல்லை நம் ஆலயங்களிலும் நாள்தோறும் கேட்கிறோமல்லவா? பிரெஞ்சு ஆட்சி காரைக்காலை விட்டு அகன்ற பின், 1956இல், புதுச்சேரியின் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் அம்மையாரின் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்டதும் வரலாறு தந்த ஓர் இனிய வியப்பே.

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், இரந்துண்ணும் கோலத்தில் பிச்சாண்டவர் வீதியுலா வருவார். அப்போது மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மக்கள் மாங்கனிகளை வீசுவர். கீழே நிற்போர் கைகளை ஏந்துவர். சிலர் முந்தானையை விரிப்பர். பிள்ளைப்பேறு வேண்டுவோரும் அக்கனியை நம்பிக்கையோடு தேடுவர். எந்த வீட்டிலிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று அங்கு எவரும் கேட்பதில்லை. பரமதத்தனின் ஊர், அவன் கேள்வியை விட்டுவிட்டு, அவன் சுவைக்கத் தவறிய மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டது.

கானாவூர்த் திருமணத்தை இங்கு நினைக்காதிருக்க இயலவில்லை. அங்கும் ஒரு விருந்து. அங்கும் ஒரு குறை. பின்னால் வந்ததே முன்னதினும் சுவை மிகுந்தது. பந்தி மேற்பார்வையாளருக்கும் அது எங்கிருந்து வந்தது எனத் தெரியாது. எனினும், அதன் நன்மையை அவர் மணமகனிடம் வியந்து சொன்னார்.

நாமோ, அண்டை வீட்டார் எதிர்பாராமல் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினால், ‘என்ன காரியமாக இருக்கும்?’ என எண்ணுகிறோம். திருப்பிக் கொடுக்கக் கணக்கும் போடுகிறோம். நெடுநாள் பேசாதிருந்த உடன்பிறந்தவர் ஒருநாள் வாசலில் வந்து நின்றால், வரவேற்கும் முன்னரே காரணம் தேடுகிறோம். அதற்குள் பாயசம் ஆறிவிடுகிறது; வந்தவர் முகமும் வாடிவிடுகிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன், நன்றாயிருக்கிறது என்று சொல்லப் பழகுவோம்.