மணலுக்குச் சாதியில்லை

விக்கிரவாண்டியிலே, பாலர் வகுப்பிலே, புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறுகட்டி எண்ணச் சொல்லித் தருகிறோம். தட்டில் பரப்பிய மணலில் 'அ' என்று விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டு ஒலிக்கச் சொல்கிறோம். "பட்டணத்தில் பணம் கட்டிப் படிக்கிற மேனாட்டு முறையாயிற்றே இது!" என்று வியக்கிறார், பேரனை அழைத்துவந்த பெரியவர். மேனாட்டு முறையா? வரலாற்றைக் கேட்போம்.

சென்னை எழும்பூரில், ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பை 1789-இல் ஏற்றவர் ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலை, குதிரைமீது சென்றவர், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்டார். கண்டதைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தார், ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் பிரிஸ்கனைக் கொண்டே இளையவர்க்கு எழுத்தறிவித்தார். 1797-இல் இலண்டனில் அதனை நூலாக்கினார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று!

நம் மணல் கடல் கடந்தது, பெருமைதான். ஆனால், அந்த மணலில் எவர் விரல் பட்டது? எவர் விரல் தடுக்கப்பட்டது?

சென்னை மாகாணப் பள்ளிகளைக் கணக்கெடுக்க 1822-இல் ஆணையிட்டார் ஆளுநர் மன்றோ. நம் விக்கிரவாண்டி அடங்கியிருந்த தென்னார்க்காடும் அந்தக் கணக்கில் உண்டு. மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். அவருள் பெண்கள் 4,540 பேர்; நூற்றுக்கு மூவர்கூட இல்லை! சேரிப் பிள்ளைக்கோ திண்ணை எட்டாத உயரம். மணல் அவன் குடிசை வாயிலிலும் கிடந்தது; கற்பிக்கும் வாய்தான் அங்கே செல்லவில்லை. குறை முறையிலே அல்ல, மூடிய கதவிலே!

அந்தக் கதவு மெல்ல மெல்லத் திறந்தது. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென 1894-இல் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார் ஆல்காட். அத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்க்கென்றே 1906-இல் செய்முறைக் கையேடு எழுதினார் கோர்ட்ரைட் அம்மையார். 1939-இல் அடையாறு வந்த மாண்டிசோரி அம்மையாரோ, உப்புத்தாளில் அமைத்த எழுத்தை விரலால் தடவி ஒலிக்கச் செய்யும் முறையைப் பயிற்றுவித்தார். மணலின் இடத்தில் தாள், கருத்து ஒன்றே!

காது கேட்பதைக் கை தடுமாறாமல் எழுத வேண்டாமா? 'க'வுக்குக் கால் போட்டால் 'கா' என்று கற்ற குழந்தை, 'ணா' என்று எழுத வேறொரு சுழியை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. 1935-இல் பெரியார் தம் 'குடி அரசு' ஏட்டில் அந்தச் சிக்கலை அறுத்தார். ணா, றா, னா, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளுக்கு எளிய வடிவத்தை 1978-இல் அரசும் ஏற்றது. அறிஞருக்கு அது வடிவச் சீர்திருத்தம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது விடுதலை!

2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் வந்தன. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை 'எண்ணும் எழுத்தும்' வந்தது. செய்து கற்பது ஏழைக்கும் உரியதாயிற்று.

பெரியவரே! உம் பேரன் எண்ணும் புளியங்கொட்டை கடையில் வாங்கியதல்ல; மணல் ஆற்றோரம் அள்ளியது. அவனருகே அமர்ந்து எண்ணுகிறாளே ஒரு சிறுமி, அவள் பாட்டிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தை இனி எவரும் பறிக்காமல் காப்பதே நம் கடன்.