ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வந்த கதை

கிரைண்டர் வாங்கும்போது டில்டிங்கா, டேபிள் டாப்பா, எத்தனை லிட்டர் என்று கேட்கிறோம். அதன் வரலாறு தெரியுமா நண்பர்களே?

1955-ல் கோயம்புத்தூர் பி. சபாபதி உருவாக்கியது என்கிறார்கள். ஆட்டுக்கல்லில் கல் அசையாது. பெண்கள்தான் குழவியை மணிக்கணக்கில் சுற்றினார்கள். கிரைண்டரில் இது தலைகீழ். குழவி இடம் மாறாது, கல்லே சுற்றும். மிக்ஸி பிளேடு வேகத்தில் மாவு சூடாகிவிடும். கல் நிதானமாக அரைப்பதால் இட்லி பூப்போல வரும்.

2005-06-ல் கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, மின்விசிறியோடு இதையும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. வசதியானவர்கள் வாங்கிய பொருள் குடிசைக்கும் போனது.

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டத்துக்கு வேண்டிய மாவைக் கையால் ஆட்ட முடியுமா? லிட்டரைப் பார்த்து வாங்குங்கள். கூடவே, அது எத்தனை அம்மாக்களின் தோள்வலியைக் குறைத்தது என்றும் நினைத்துப் பாருங்கள்!