மயாமிக்குப் போன பொருந்தல் நெல்

பழனியிலிருந்து தென்மேற்கே பன்னிரண்டு கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர். திண்டுக்கல் மாவட்டம் மேற்கே முடியப்போகிற இடம். ஊரை ஒட்டிய ஒரு மேட்டுக்குப் பாசிமேடு என்று பெயர். மழையில் மண் கரைந்தால் அங்கே பாசிமணிகள் தட்டுப்படும். தொல்லியல்காரர்கள் கடப்பாரையோடு வருவதற்கு வெகுகாலம் முன்பே, அந்த மேட்டைப் பற்றிய முதல் முடிவை ஊர்க்காரர்கள் எடுத்துப் பெயராகவும் வைத்துவிட்டார்கள்.

2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. பாசிமேட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் தவறவில்லை: கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன, மணி செய்த தடயங்களும் கிடைத்தன. ஆனால் நான் பின்தொடர விரும்புவது மணிகளை அல்ல. ஊரை அடுத்த ஈமக்காட்டில், கற்பலகைகளால் அமைத்த ஒரு கல்லறைக்குள் நான்கு கால் வைத்த சாடி ஒன்று இருந்தது. அதற்குள் சுமார் இரண்டு கிலோ நெல். அதே கல்லறையில் இரண்டு பிரிமணைகள். பானை உருளாமல் இருக்க அடியில் வைப்போமே, அதைச் சுட்ட மண்ணில் செய்திருந்தார்கள். அவற்றில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘வய்ர’ என்று கீறியிருந்தது.

இறந்தவரோடு நெல்லை வைப்பது நமக்குப் புதிதல்ல. இன்றும் வாய்க்கரிசி போடுகிறோம். அந்த நெல் அங்கேயே கிடந்திருந்தால் அது ஒரு சடங்கின் மிச்சம், அவ்வளவுதான். அதில் ஒரு சிட்டிகை கடல் தாண்டி அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மயாமி நகரத்திலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போனதால்தான் கதை வேறாயிற்று.

போன நெல் திரும்பி வரவில்லை, வரவும் முடியாது. ஆய்வகத்தில் அதைச் சுத்தம் செய்து, எரித்து, வரும் கரியமில வாயுவிலிருந்து கரியைப் பிரித்தெடுப்பார்கள். உயிரோடு இருக்கும்வரை பயிர் காற்றிலிருந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரியைச் சிறிதளவு வாங்கிக்கொண்டே இருக்கும். அறுத்த நாளிலிருந்து வரவு நின்றுவிடும், இருப்பு மட்டும் கரையும். பாதி கரைய 5,730 ஆண்டுகள் ஆகும். மிச்சம் எத்தனை அணுக்கள் என்று முடுக்கிக் கருவியில் நேரடியாக எண்ணிவிடலாம் என்பதால் சில மில்லிகிராம் கரியே போதும். இதைத்தான் ஏ.எம்.எஸ். முறை என்கிறார்கள். நெல் இதற்கு மிக நல்ல சாட்சி. அடுப்புக்கரி என்றால், வெட்டிய மரத்தின் உள்வைரம் இருநூறு ஆண்டு முந்தையதாக இருந்து நம்மை ஏமாற்றலாம். நெல்லோ ஒரே பருவத்தில் முளைத்து, ஒரே பருவத்தில் அறுபடுவது.

மயாமியிலிருந்து வந்தது ஓர் எண்: கி.மு. 490.

அந்த எண்ணை எல்லோரும் எப்படிப் படித்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவையானது. எண் காட்டுவது நெல் அறுபட்ட காலத்தை மட்டும். நாம் கேட்பதோ எழுத்தின் வயதை. நெல்லிலிருந்து எழுத்துக்குப் போக நடுவே பல படிகள் உண்டு. நெல் அறுத்த சில காலத்துக்குள் கல்லறைக்குள் போயிருக்க வேண்டும். கல்லறையைப் பின்னாளில் யாரும் திறந்து வேறு பொருள் வைத்திருக்கக் கூடாது. பிரிமணை, சாடியோடு ஒரே சடங்கில் உள்ளே போயிருக்க வேண்டும். எழுத்தும் அதற்கு முன்பே கீறப்பட்டிருக்க வேண்டும். இந்தப் படிகள் ஒவ்வொன்றும் நியாயமானவை. ஆனால் எதையும் மயாமி அளக்கவில்லை. அந்தக் குழியைத் தோண்டியவர்களின் கண்தான் அவற்றுக்கு ஆதாரம்.

எல்லாம் சரி என்றால் விளைவு பெரியது. அசோகர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில்தான் கல்வெட்டு வெட்டினார். அந்த பிராமியிலிருந்து தமிழ்-பிராமி பிறந்தது என்பதே அதுவரை பெரும்பாலோர் ஏற்ற கருத்து. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெருநூலிலும் தமிழ்-பிராமி கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குகிறது. பொருந்தல் நெல்லை நம்பினால் தமிழ் எழுத்து அசோகருக்கு இருநூறு ஆண்டு மூத்ததாகிறது. இலங்கையில் அனுராதபுரத்தில் ராபின் கோனிங்ஹாம் குழு கண்டெடுத்த பிராமி ஓடுகளும் அசோகருக்கு முந்தைய மண்ணடுக்குகளிலிருந்து வந்தவை. அந்த ஆய்வு 1996இலேயே அச்சேறியிருந்தது. எனவே பொருந்தல் முற்றிலும் தனிச் சாட்சியும் இல்லை.

2011இல் செய்தி வெளியானதும் வினைச்சொற்கள் தடித்துக்கொண்டே போயின. ஆங்கிலத்தில் ஆய்வாளர்கள் எழுதும்போது ‘சஜஸ்ட்’, ‘இண்டிகேட்’, ‘இன்ஃபர்’ என்று மெல்ல அடியெடுத்து வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு நம்பிக்கை. ‘கெஸ்’ என்பவர் ஆதாரம் கேட்காதே என்கிறார். ‘கன்ஜெக்சர்’ என்பவர் கொஞ்சம் இருக்கிறது, போதாது என்கிறார். ‘இன்ஃபரன்ஸ்’ என்பவர் இருப்பதிலிருந்து முறையாகத்தான் வந்தேன் என்கிறார். நாளிதழ்த் தலைப்புக்கு வந்ததும் இத்தனையும் ‘ப்ரூவ்’ ஆகிவிட்டது. தமிழில் அது ‘நிரூபணம்’. டீக்கடைக்கு வந்தபோது ‘தமிழன்தான் எழுத்தையே கண்டுபிடித்தான்’. நெல் அதே இரண்டு கிலோதான்.

தமிழில் இந்தப் படிகளுக்குச் சொல் இல்லையா? வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஒட்டன்சத்திரம் பக்கம் கதிர் பிடித்த வயலைப் பார்த்து ‘உத்தேசமா எத்தனை மூட்டை காணும்?’ என்று கேட்டால் சம்சாரி ஓர் எண் சொல்வார். அது குத்துமதிப்பு, ஆனால் முப்பது வெள்ளாமை பார்த்த குத்துமதிப்பு. ஊகம் அதற்கு ஒரு படி கீழே, அனுமானம் ஒரு படி மேலே. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி அனுமானத்தை மூன்றாகவே பிரித்துக் காட்டுகிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை இருக்கிறது என்பது பொது. ஆற்றில் வெள்ளம் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். கருமேகம் பார்த்து இனி மழை வரும் என்பது முதல். பொருந்தலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு எச்சம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கே வெயில் காயும்போதே தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கினால், கொடைக்கானல் மலையில் கொட்டியிருக்கிறது என்று கன்றுகாலிகளை ஓட்டிக்கொண்டு மேடேறுவார்கள். நெல்லைப் பார்த்து எழுத்தின் காலம் சொன்னதும் எச்ச வகைதான்: விளைவைக் கண்டு பின்னோக்கிப் போவது. ஒரே விளைவுக்கு இரண்டு காரணம் இருக்க முடியும் என்பதே அந்த வகையின் பலவீனம். மழை பெய்யாமலேயே அணையைத் திறந்துவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் வரும்.

மகாதேவன், எ. சுப்பராயலு போன்ற மூத்த கல்வெட்டறிஞர்கள் நிதானித்தது இதனால்தான். ஒற்றைக் காலக்கணிப்பை நம்பி இவ்வளவு பெரிய முடிவுக்குப் போக வேண்டாம், இன்னும் பல வரட்டும் என்றார்கள். அதைத் தமிழ்த் துரோகம் என்று பேசியவர்களும் உண்டு; எனக்கு அது தொழில் சுத்தமாகவே படுகிறது. பிறகு பொருந்தலின் இன்னொரு நெல் மாதிரிக்கும் காலம் வந்தது: கி.மு. 450. இரண்டும் அருகருகே நிற்பது ராஜன் தரப்புக்குப் பலம்.

ஆனால் இந்த எண்களுக்குள்ளேயே ஒரு நெளிவு இருக்கிறது, அதைத் தமிழில் பேசுவோர் குறைவு. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆகவே கருவி தரும் வயதை, மர வளையங்களை வைத்துத் தயாரித்த திருத்தக் கோட்டோடு ஒப்பிட்டுத்தான் ஆண்டாக மாற்றுவார்கள். அந்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் நடுவில் ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது. ஆஸ்திரிய ஊர் ஒன்றின் பெயரால் அதை ஹால்ஸ்டாட் சமவெளி என்பார்கள். அங்கே மாட்டிய மாதிரிக்கு ஆய்வகம் கூட்டல் கழித்தல் முப்பது ஆண்டு என்று துல்லியமாக அளந்தாலும், திருத்திய பிறகு அது முந்நூறு ஆண்டு அகலத்துக்கு விரிந்துவிடக்கூடும். 490, 450 என்ற எண்கள் அந்தச் சமவெளிக்குள் விழுகின்றன. கீழடி அறிக்கை 2019இல் சொன்ன கி.மு. 580ம் அதே இடம்தான். விரிவு இரண்டு பக்கமும் போகும். பொருந்தல் நெல் 490க்கு மூத்ததாகவும் இருக்கலாம் என்பதை மறுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஊர்ப் பெயரிலும் ஓர் அனுமானம் உண்டு. சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுதான் என்பது பெயர் ஒற்றுமையால் எட்டிய முடிவு. எனக்கு அது பிடிக்கும். பழனியைச் சங்ககாலப் பொதினி என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள், பேகனின் நாடு இந்த மலையடிவாரம்தான். அப்படியிருக்க அடுத்த ஊரில் ஒரு புலவர் இருந்தார் என்பது மிகையல்ல. ஆனாலும் அது அனுமானமே.

பொருந்தல் நெல் போட்ட பாதையில் மற்ற நெல்லும் போயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடந்த உமி அதே மயாமி ஆய்வகத்துக்குப் போனது. 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அதன் காலத்தை அறிவித்தார்: கி.மு. 1155. இந்த எண் ஹால்ஸ்டாட் சமவெளிக்கு வெளியே விழுகிறது. திருத்தக் கோடு அந்தப் பகுதியில் சரிவாக இறங்குவதால், அதன் விரிவு பொருந்தல் எண்களுடையதைவிடக் குறுகலானது.